மேட்டூர் நிலவரமும் இரண்டாம் செமஸ்டர் இன்டக்ரேஷனும்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்து டீக்கடைகளில் நாளிதழைப் பிரித்ததும் பல பேர் கண் ஒரு சின்னக் கட்டத்தைத்தான் தேடும். மேட்டூர் அணை நிலவரம்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டி.எம்.சி., வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. கோரிமேட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். பேப்பரைப் பார்த்ததும், "வரத்து இருபதாயிரம், திறப்பு எட்டாயிரம். நாளைக்கு ஒரு டி.எம்.சி. ஏறிடும் பாருங்க" என்பார். மறுநாள் அநேகமாக ஏறியிருக்கும்.

கணக்கு இவ்வளவுதான். விநாடிக்கு 20,000 கனஅடி உள்ளே வருகிறது, 8,000 வெளியே போகிறது, 12,000 தங்குகிறது. ஒரு நாளில் 86,400 விநாடி. பெருக்கினால் 103 கோடியே 68 லட்சம் கனஅடி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி நாள் முழுக்கத் தங்கினால் ஒரு டி.எம்.சி. என்று அவர் மனசில் ஒரு வாய்ப்பாடே வைத்திருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் செமஸ்டரில் 'இன்டக்ரல் கால்குலஸ்' என்ற பேரில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் பேப்பரின் உயிர்நாடி இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

வரத்து நாள் முழுக்க ஒரே சீராக இருந்தால் ஒரு பெருக்கலோடு வேலை முடிந்தது. காவிரி அப்படி ஓடுவதில்லை. காலையில் இருபதாயிரம், மதியம் இருபத்தெட்டாயிரம், ராத்திரி பதினெட்டாயிரம் என்று மாறும். அப்போது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து ஆறு துண்டாகப் பெருக்கிக் கூட்டலாம். அதற்கும் திருப்தி இல்லையென்றால் மணிக்கொரு துண்டு, நிமிஷத்துக்கொரு துண்டு. துண்டு சிறுக்கச் சிறுக்கக் கூட்டுத்தொகை எந்த எண்ணில் போய் நிலைக்கிறதோ அதுதான் வரையறுத்த தொகையீடு. 1675 அக்டோபர் 29 அன்று லைப்னிட்ஸ் தன் குறிப்புத்தாளில் நீட்டி எழுதிய 'எஸ்' எழுத்தை இதற்குக் குறியீடாக்கினார். 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. தொகை என்று பொருள். லத்தீனில் சும்மா என்றால் சும்மா இல்லை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்; குறியீடும் மறக்காது.

மாலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பொங்கல் முடிந்து இரண்டாம் செமஸ்டர் சூடுபிடித்த பிறகு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பேப்பருக்காக வருகிறவர்கள். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் செமஸ்டரில் வகை நுண்கணிதம், இரண்டாவதில் தொகை நுண்கணிதம் என்பது பல கல்லூரிகளில் வழக்கம். குறைப்புச் சூத்திரங்கள், இரட்டைத் தொகையீடு, மும்மடித் தொகையீடு, வரிசை மாற்றல், ஜகோபியன், பீட்டா, காமா என்று ஐந்து யூனிட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். இதற்கு அடித்தளம் பிளஸ் ஒன் புத்தகத்தின் பின்பகுதியில் இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் அந்தப் பின்பகுதி மூச்சுவிட நேரம் கொடுத்து நடத்தப்படுகிறது என்பது பெற்றவர்களுக்கும் தெரியும், வாத்தியார்களுக்கும் தெரியும். போதாததற்குத் தமிழ்வழியில் 'பகுதித் தொகையிடல்' என்று படித்துவிட்டு வந்த பிள்ளை, இங்கே 'பை பார்ட்ஸ்' என்று காதில் விழும்போது புதுப் பாடம் என்று நினைத்து மிரள்கிறது.

போன வருஷம் ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்கு வந்து, சாயங்காலம் என்னிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடிப்பான். முதல் நாளே ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "சார், டிஃபரன்சியேஷன்ல எதைக் குடுத்தாலும் ரூல் போட்டு முடிச்சுரலாம். இதுல மட்டும் ஏன் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு தந்திரம் தேட வேண்டியிருக்கு?"

இதற்கு நேர்மையான பதிலை வகுப்பில் யாரும் சொல்வதில்லை, எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை. வகையிடலில் பெருக்கலுக்கு ஒரு விதி, வகுத்தலுக்கு ஒரு விதி, சார்புக்குள் சார்பு இருந்தால் சங்கிலி விதி. இவை மூன்றும் கையில் இருந்தால் எவ்வளவு சிக்கலான கோவையும் அவிழும். பின்னோக்கிப் போகும்போது கூட்டலும் மாறிலிப் பெருக்கமும் மட்டும் சமர்த்தாக நடந்துகொள்ளும். இரண்டு சார்புகளின் பெருக்கத்துக்குத் தொகையீடு காணப் பொதுவிதி கிடையாது. பகுதித் தொகையிடல் என்பது பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டது, பிரதியிடல் என்பது சங்கிலி விதியைத் திருப்பிப் போட்டது. இரண்டும் ஒரு கணக்கை இன்னொரு கணக்காக மாற்றித் தரும், அவ்வளவே. மாற்றிய கணக்கு எளிதாக இருந்தால் நம் அதிர்ஷ்டம். இன்னும் ஒரு படி மேலே போனால், சில சார்புகளுக்கு நமக்குத் தெரிந்த சைன், லாக், அடுக்குக்குறி இவற்றை வைத்து விடை எழுதவே முடியாது. 'இ'யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் அப்படிப்பட்டது. எது முடியும், எது முடியாது என்பதை 1830களில் லியூவில் என்ற பிரெஞ்சுக்காரர் ஆராய்ந்து வைத்தார். ஆக, கேள்வித்தாளில் வருபவை தந்திரம் பலிக்கும் என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த கணக்குகள். இதைச் சொன்னதும் பையன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

தந்திரங்களிலும் குருட்டுப்பாடம் உதவாது. பகுதித் தொகையிடலுக்கு 'ஐலேட்' என்று ஒரு வரிசை சொல்லிக்கொடுப்பார்கள்: நேர்மாறுச் சார்பு, லாக், இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி, இந்த வரிசையில் முன்னால் வருவதை 'யு' என்று, அதாவது வகையிட வேண்டிய பகுதியாக, எடு என்பார்கள். எக்ஸ் கனத்தை 'இ'யின் அடுக்கு எக்ஸ் வர்க்கத்தால் பெருக்கிக் கொடுத்தால் ஐலேட் என்ன சொல்லும்? எக்ஸ் கனத்தை 'யு' என்று எடுக்கச் சொல்லும். மீதியில் 'இ'யின் அடுக்கு எக்ஸ் வர்க்கம் தனியாக நிற்கும், அதற்குத் தொகையீடு எழுத முடியாது, அங்கேயே மாட்டு வண்டி சேற்றில் நிற்கும். எக்ஸ் கனத்தை எக்ஸ் வர்க்கம் ஒன்று, எக்ஸ் ஒன்று என்று பிரித்து, அந்த ஒற்றை எக்ஸை அடுக்குக்குறிக்குத் துணையாக அனுப்பினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். வழித்துணை யாருக்குத் தேவை என்று பார்க்கிற கண்தான் இங்கே வேண்டும்.

பிறகு அந்தப் 'ப்ளஸ் சி'. எழுதாவிட்டால் அரை மார்க் போகும் என்பதைத் தாண்டிப் பல பேருக்கு அதன் பொருள் எட்டியதே இல்லை. மறுபடி மேட்டூருக்கு வாருங்கள். ஒரு மாதத்து வரத்தும் வெளியேற்றமும் விநாடி பிசகாமல் என் கையில் இருக்கின்றன. இன்று அணையில் எவ்வளவு தண்ணீர்? சொல்ல முடியாது. எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று மட்டும் சொல்லலாம். மாதத் தொடக்கத்தில் இருந்த இருப்பை யாராவது சொன்னால்தான் இன்றைய இருப்பு கிடைக்கும். அந்தத் தொடக்க இருப்புதான் 'சி'. இரண்டு தேதிகளுக்கு நடுவே கூடியது எவ்வளவு என்று மட்டும் கேட்டால் தொடக்க இருப்பு இரண்டு பக்கமும் இருந்து கழிந்துபோகும். வரையறுத்த தொகையீட்டில் 'சி' காணாமல் போகும் ரகசியம் இதுதான்.

பையனுக்கு அணை பிடித்துப்போனது. அடுத்த வாரம் அவனே கேட்டான்: "நூறு அடி வர்ற வரைக்கும் மட்டம் சடசடன்னு ஏறுது, அதுக்கப்புறம் ஏன் சார் இழுக்குது?"

அந்தக் கேள்வியில் இரண்டு வாரப் பாடம் இருக்கிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் நூறு அடியில் நிற்கும்போது இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி. என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அதாவது முதல் நூறு அடிக்கு 65, கடைசி இருபது அடிக்கு மட்டும் 28க்கு மேல். பள்ளத்தாக்கு கீழே குறுகலாகவும் மேலே போகப் போக அகலமாகவும் இருப்பதால், ஒவ்வோர் அடியும் அதற்கு முந்தின அடியைவிட அதிகத் தண்ணீரை விழுங்குகிறது. அணை நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அதைச் சதுர அடியாக்கினால் சுமார் 165 கோடி. அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் பரப்பினால் 165 கோடி கனஅடி, அதாவது 1.65 டி.எம்.சி. டீக்கடைப் பெரியவர் சொன்ன ஒரு டி.எம்.சி. அந்த உயரத்தில் முக்கால் அடியைக்கூடத் தொடாது. மட்டம் பாதியில் இருக்கும்போது அதே தண்ணீர் ஓர் அடிக்கு மேல் உயர்த்திவிடும்.

இதைச் சூத்திரத்தில் சொன்னால் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம். உயரத்துக்கு ஏற்ப நீர்ப்பரப்பு ஒரு சார்பு. அதைக் கீழிருந்து மேல் வரை தொகையிட்டால் கொள்ளளவு. கொள்ளளவை உயரத்தைப் பொறுத்து வகையிட்டால் மறுபடி நீர்ப்பரப்பு. ஒன்று மற்றொன்றைத் திருப்பிப் போடுவதால்தான் பரப்பு காண்பதற்கு எதிர்வகையிடல் கைகொடுக்கிறது. இந்த இணைப்பு மட்டும் புரிந்துவிட்டால் முதல் யூனிட் முழுவதும் காசு.

சரி, பரப்பு உயரத்தோடு எப்படிக் கூடுகிறது? அடியில் சுழியம், உச்சியில் 1.65 என்று வைத்து நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டுப் பார்க்கச் சொன்னேன். கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம். பரப்பு: பாதி, பெருக்கல் 120, பெருக்கல் 1.65. விடை 99. உண்மைக் கொள்ளளவு 93.47. ஆறு சதவீதம் பிசகு, ஒரு ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் போட்ட கணக்குக்கு மோசமில்லை. இன்னொரு வழியாகவும் பார்த்தோம். பரப்பு நேர்க்கோட்டில் கூடினால் கொள்ளளவு உயரத்தின் வர்க்கத்தைப் போலக் கூட வேண்டும். 100ஐ 120ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 93.47ஆல் பெருக்கினால் 64.9. பேப்பரில் வரும் 65ஓடு ஒட்டிக்கொண்டது! தற்செயல் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று நான் எச்சரித்தேன். பையன் கேட்கிற நிலையில் இல்லை.

பொறியாளர்கள் நேர்க்கோட்டை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சம உயரக் கோடுகளை அளந்து, ஒவ்வொரு மட்டத்திலும் பரப்பு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, துண்டு துண்டாகக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டலுக்கு ஒரு சுவையான முன்கதை உண்டு. 1613இல் தன் இரண்டாம் கல்யாணத்துக்கு ஒயின் வாங்கிய கெப்ளர், வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு குச்சியைச் சாய்த்துவிட்டு நனைந்த நீளத்தை வைத்தே விலை சொன்னதைப் பார்த்து எரிச்சலானார். கிரகங்களின் பாதையைக் கண்டவர், பீப்பாய்க் கொள்ளளவுக்கு 1615இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் பேரால் வழங்கும் பீப்பாய் விதி இது: அடிப்பரப்பு, மேற்பரப்பு, நடுப்பரப்பைப் போல் நாலு மடங்கு, மூன்றையும் கூட்டி உயரத்தால் பெருக்கி ஆறால் வகு. நம் புத்தகத்தில் சிம்ப்சன் விதி என்று வருவதும் இதுவே. களத்தில் கூம்பாகக் கொட்டிய நெல் அம்பாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். உச்சியில் சுழியம், நடுவில் அடிப்பரப்பில் கால், நாலு மடங்கு எடுத்தால் ஒன்று, அடியில் ஒன்று. மொத்தம் இரண்டு, ஆறால் வகுத்தால் மூன்றில் ஒன்று. கூம்புக்குப் பள்ளியில் படித்த அதே மூன்றில் ஒன்று.

இரட்டைத் தொகையீட்டில் எல்லாரையும் கவிழ்ப்பது வரிசை மாற்றல். ஒரு மாந்தோப்பில் காய்களை எண்ண வேண்டும். கிழக்கு மேற்காக வரிசை வரிசையாக எண்ணிக் கூட்டலாம், தெற்கு வடக்காகவும் எண்ணிக் கூட்டலாம். மொத்தம் மாறாது. தோப்பு சதுரமாக இருந்தால் எல்லைகளை அப்படியே இடம் மாற்றினால் போதும். முக்கோணத் தோப்பாக இருந்தால் ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று புதிதாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் படம் போடாமல் எல்லைகளை மட்டும் இடம் மாற்றி எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். பலகாலமாகக் கேட்கப்படும் ஒரு கணக்கு: எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய் எக்ஸிலிருந்து 1 வரை, உள்ளே 'இ'யின் அடுக்கு ஒய் வர்க்கம். கொடுத்த வரிசையில் முதல் அடியே வைக்க முடியாது. படம் போட்டுத் திருப்பினால் ஒய் 0 முதல் 1 வரை, எக்ஸ் 0 முதல் ஒய் வரை. உள் தொகையீடு ஓர் ஒய்யைக் கொண்டுவந்து கொடுக்கும், அந்தத் துணை கிடைத்ததும் விடை 'இ'யில் ஒன்றைக் கழித்துப் பாதி. பத்து மார்க் கணக்குக்கு ஒரு முக்கோணப் படம்தான் செலவு.

வட்டமான இடத்துக்கு வந்தால் எக்ஸ், ஒய்யை விட்டுவிட்டு ஆர், தீட்டாவுக்கு, அதாவது மையத்திலிருந்து தூரம், கோணம் இவற்றுக்கு, மாறுவோம். அப்போது கூடவே வரவேண்டிய 'ஆர்' என்ற பெருக்கியை மறப்பதுதான் நான் திருத்திய தாள்களில் அதிகம் பார்த்த பிழை. நானே இந்தப் பேப்பரில் ஒரு அரியர் வைத்தவன், அதற்கு அந்த ஆருக்கும் பங்கு உண்டு. மறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: வட்டத்தின் பரப்பு கேட்டால் இரண்டு பை ஆரம் என்று வரும். பரப்பு கேட்ட இடத்தில் சுற்றளவு வந்து நிற்கிறது! மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வளையங்கள் பெரிதாகின்றன, அந்தப் பெருக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதுதான் ஆர். வளையங்களை ஒவ்வொன்றாக அறுத்து நீட்டி அடுக்கினால் ஒரு முக்கோணம் வரும்: அடி சுற்றளவு, உயரம் ஆரம். அரைச்சுற்றளவை அரைவிட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்று நம் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் சொல்லும் வழி இந்த முக்கோணத்தின் பரப்புதான். 1530 வாக்கில் கேரளக் கணித அறிஞர் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை என்ற நூலில் கோளத்தின் கன அளவுக்கும் இப்படித் துண்டாக்கிக் கூட்டும் விளக்கம் இருக்கிறது.

அந்த ஆரை வைத்துத்தான் பாடத்தின் மிக அழகான இடம் நடக்கிறது. 'இ'யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் வர்க்கம் வந்தால் தொகையீடு எழுத முடியாது என்றேன் அல்லவா? கோடு முழுவதுக்கும் அதன் மதிப்பைக் கேட்டால் பதில் உண்டு. அதையே இன்னொரு முறை ஒய்யில் எழுதி இரண்டையும் பெருக்கி, தளம் முழுவதற்கும் ஆர், தீட்டாவுக்கு மாற்றினால், எங்கிருந்தோ வந்த ஆர் துணைக்கு நின்று கணக்கை முடித்துவிடும். பெருக்கம் பை. ஆகவே விடை பையின் வர்க்கமூலம், சுமார் 1.772. காமா சார்பில் 1/2 என்று போட்டால் வரும் மதிப்பும் இதுவே. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்பவர்கள் நிறைய. செய்து பார்த்தவர்களுக்கு மறப்பதில்லை.

கடைசி நேரத்தில் சரிபார்க்க இரண்டு விஷயம். சைனின் 6ஆம் அடுக்கை 0 முதல் பை/2 வரை தொகையிட்டால் குறைப்புச் சூத்திரப்படி 5 பை/32. 7ஆம் அடுக்குக்கு 16/35. இரட்டைப்படைக்குத்தான் கடைசியில் பை/2 சேரும் என்பதில் எல்லாருக்கும் தடுமாற்றம். சைன் ஒன்றுக்கு மேல் போகாது, அடுக்கு கூடினால் மதிப்பு குறைய வேண்டும். 5 பை/32 என்பது 0.49, 16/35 என்பது 0.457. சரி. பை/2ஐ மறந்திருந்தால் ஆறுக்கு 0.3125 வந்து ஏழைவிடச் சிறிதாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கத்தை மைனஸ் 1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால் கை பழக்கத்தில் மைனஸ் 2 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவோம். எங்கும் மிகையாக இருக்கும் சார்புக்குக் கூட்டுத்தொகை குறையாக வருமா என்று ஒரு விநாடி நின்றால், நடுவில் சுழியத்தில் சார்பு வெடித்து மேலே போவது தெரியும். அதற்கு மதிப்பே கிடையாது.

ஜூலையில், பேப்பர் பாஸான பிறகும், பையன் ஒரு நாள் நாளிதழ்த் துண்டோடு வந்தான். வரத்தையும் வெளியேற்றத்தையும் பத்து நாளுக்குக் கூட்டிப் பார்த்திருக்கிறான், இருப்பு அவன் கணக்கைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. "மீதி எங்க சார் போச்சு?" என்றான். வெயிலில் ஆவியாகியிருக்கும், கசிந்திருக்கும், குடிநீர்த் திட்டங்களுக்கு எடுத்திருப்பார்கள், நாளைக்கு ஒருமுறை அளந்ததை நாள் முழுக்கப் பெருக்கியதிலும் பிசகு உண்டு என்றேன். பல அணைகளில் வரத்தை நேரில் அளக்காமல், இருப்பு எவ்வளவு மாறியது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் போடுவார்கள் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான். "அப்ப அவங்க டிஃபரன்சியேட் பண்ணினதை நான் திரும்ப இன்டக்ரேட் பண்றேனா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஓடினான்.